டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க: அமெரிக்காவுல விவாகரத்துன்னா விசாவும் ஜீவனாம்சமும்

காரைக்குடில நான் பாக்குறது மொழிபெயர்ப்பு வேலை. கல்யாணப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கோயில் ரசீது இதையெல்லாம் அமெரிக்கா விசாவுக்காக இங்கிலீஷ்ல மாத்திக் குடுப்பேன். முன்னெல்லாம் கல்யாணம் முடிஞ்ச கையோட வருவாக, இப்ப கல்யாணம் முறிஞ்ச கையோடயும் வர்றாக. தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் பக்கமிருந்து அப்பச்சியும் ஆத்தாவும் வந்து உக்காந்து, "பிள்ளைய கூட்டிட்டு வந்துரலாம்னு இருக்கோம், டிக்கெட் கூட போட்டாச்சு"ன்னு சொல்றப்ப எனக்கு மனசு பதறும். பிள்ளை அழுகுது, பெத்தவுகளுக்குத் தாங்கல, அது புரியுது. ஆனா அந்த ஒரு டிக்கெட்ல அவளோட விசா உரிமையும் போயி அவளுக்கு வரவேண்டிய பணமும் போகலாம்னு யாரும் அவுகளுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க.

நான் வக்கீல் இல்ல. வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சு வச்சுக்கணும், எதைக் கையில எடுத்து வச்சுக்கணும், என்ன கேக்கணும், அதைத்தான் எழுதுறேன். பொண்ணுன்னு எழுதுனாலும் மாப்பிள்ளை மனைவியோட விசாவுல போயிருந்தா அவருக்கும் இதே சட்டம்தான்.

முதல் வேலை, கையில என்ன இருக்குன்னு பாக்குறது

அமெரிக்காவுல இருக்கான்னு பொதுவா சொல்லாதீங்க. எச்-4 விசாவா (எச்-1பி வேலை விசாவுல போனவரோட துணைக்குக் குடுக்குறது), 2 வருஷ கிரீன் கார்டா, 10 வருஷ கிரீன் கார்டா, இதுல எதுங்குறதை வச்சுத்தான் மத்த எல்லாமே. கார்டை எடுத்து அது எப்ப முடியுதுன்னு பாருங்க, எப்ப குடுத்ததுன்னும் பாருங்க, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து ஊர்ல இருக்குற அண்ணனுக்கோ அக்காவுக்கோ அனுப்பி வச்சிருங்க. பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு), புருஷனோட வரிக் கணக்கு காப்பி, சம்பள ரசீது, கல்யாணப் பதிவுச் சான்று இதெல்லாமும்தான். சண்டை முத்தினப்புறம் பீரோ சாவி யார்கிட்ட இருக்கும்னு சொல்ல முடியாது.

10 வருஷ கார்டு இருந்தா விசா பத்தி பெருசா பயப்பட வேண்டியதில்ல. விவாகரத்து ஆனாலும் கார்டு அவளோடதுதான், புருஷன் நெனச்சா ரத்து பண்ண முடியாது. சிட்டிசன்ஷிப்புக்குத்தான் கொஞ்சம் தள்ளிப்போகும். அமெரிக்க சிட்டிசனோட சேந்து வாழ்ந்தா 3 வருஷத்துல போடலாம்னு இருக்குறது, பிரிஞ்சா எல்லாரையும் போல 5 வருஷம்.

எச்-4தான் ரொம்ப கஷ்டம், அதை மறைக்காம சொல்லிடறேன். அது முழுக்க முழுக்க புருஷனோட எச்-1பி மேல நிக்கிறது, கோர்ட் கடைசித் தீர்ப்பு குடுத்து விவாகரத்து ஆகுற அன்னிக்கே அதுவும் முடிஞ்சுது, 2015ல இருந்து சில எச்-4காரங்களுக்கு குடுக்குற வேலை அனுமதியும் அதோட போச்சு. வேலை போனா எச்-1பிகாரங்களுக்கு 60 நாள் டைம் இருக்குன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது இதுக்கு கிடையாது. கிரீன் கார்டுக்கு அவரோட சேந்து போட்ட அப்ளிகேஷன் பாதியில நின்னுட்டிருந்தாலும், கார்டு கைக்கு வர்றதுக்கு முன்னாடி விவாகரத்து ஆனா அவளோட அப்ளிகேஷன் விழுந்துரும். ஆனா ஒண்ணு கவனிங்க, தனித்தனியா இருக்குறதும் கேஸ் நடக்குறதும் விவாகரத்து இல்ல. கடைசித் தீர்ப்பு வர்ற வரைக்கும் அவ மனைவிதான், எச்-4 செல்லும். அந்த இடைப்பட்ட மாசங்கள்லதான் படிப்பு விசாவுக்கோ விசிட்டர் விசாவுக்கோ மாத்திக்க ஐ-539 போடணும், இல்ல அவளுக்குன்னு ஒரு கம்பெனி எச்-1பி போடுமான்னு பாக்கணும். அதனால எச்-4ல இருக்குற பிள்ளைக்கு என்னோட முதல் யோசனை, அவசரப்பட்டு "சீக்கிரம் முடிச்சு விடுங்க"ன்னு மியூச்சுவல் (ரெண்டு பேரும் சம்மதிச்சு விவாகரத்து) பேப்பர்ல கையெழுத்துப் போட வேண்டாம், தேதியை நம்ம வக்கீல் யோசிச்சு வைக்கட்டும்.

2 வருஷ கார்டு

கல்யாணம் ஆகி 2 வருஷம் முடியறதுக்குள்ள அந்தக் கல்யாணம் மூலமா கிரீன் கார்டு கிடைச்சிருந்தா அது 2 வருஷத்துக்கு மட்டும் செல்லுற கார்டா இருக்கும். அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள புருஷனும் பொண்டாட்டியும் சேந்து ஐ-751ங்குற பாரம் போடணும். இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிட்டதா நெனக்கிறாங்க, "அவரு கையெழுத்துப் போட மாட்டாரு, அப்ப நான் கிளம்ப வேண்டியதுதானே"ன்னு. இல்ல. விவாகரத்து ஆயிருந்தா அவரு கையெழுத்து இல்லாம தனியாவே போடலாம், அதுக்குப் பேரு வெய்வர். அதுக்கு அந்த 90 நாள் கணக்கும் கிடையாது. நீங்க நிரூபிக்க வேண்டியது ஒண்ணுதான், இது கார்டுக்காகப் பண்ண பொய்க் கல்யாணம் இல்ல, நல்ல எண்ணத்தோட பண்ண கல்யாணம், அது முறிஞ்சு போச்சு. யார் தப்புங்குறது அங்க கேள்வியே இல்ல. விவாகரத்து கேஸ் இன்னும் நடந்துக்கிட்டிருக்குன்னா தீர்ப்பு காப்பி கேட்டு கெடு வச்சு கடிதம் வரும். ஏற்கனவே ரெண்டு பேரும் சேந்து போட்டிருந்து அப்புறம் பிரிஞ்சா, அதையே வெய்வரா மாத்தச் சொல்லி கேக்கலாம். பாரம் போட்டதுக்கு வர்ற ரசீதுக் கடிதம் 2023ல இருந்து கார்டை 48 மாசம் நீட்டிக் குடுக்குது, அதைப் பத்திரமா வச்சுக்கணும்.

நிரூபிக்கிறதுக்கு நம்ம பக்கத்துல நல்ல பேப்பர் இருக்கு. நகரத்தார் வீட்டுக் கல்யாணம்னா இசைகுடிமானம்ங்குற கல்யாண ஒப்பந்தம் எழுதியிருப்போம், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டின்னு ஒன்பது கோயில்ல நம்ம கோயில் எதுவோ அங்க புள்ளி (கல்யாணமான புதுக் குடும்பம்) பதிவாகியிருக்கும், கோயில் மாலை வந்திருக்கும், சீர் சாமான் லிஸ்ட் இருக்கும், மொய் ஏடு இருக்கும். ரெண்டு குடும்பமும் ஊரறிய பண்ண கல்யாணம்னு காட்ட இதெல்லாம் நல்லா உதவும். ஆனா இதை மட்டும் நம்பிடாதீங்க, அந்த ஆபீசர் முக்கியமா பாக்குறது கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி வாழ்ந்தாங்கன்னுதான். ரெண்டு பேரு பேர்ல இருக்குற பேங்க் அக்கவுண்ட், வீட்டு வாடகை ஒப்பந்தம், சேந்து போட்ட வருமான வரி, இன்சூரன்ஸ்ல பேரு, கரண்ட் பில், போன பயணம், தீபாவளிக்கு நண்பர்கள் வீட்டுல எடுத்த போட்டோ, தெரிஞ்சவங்க எழுதிக் குடுக்குற வாக்குமூலம் இதெல்லாம்தான் அங்க பெருசு. தமிழ்ல இருக்குற பேப்பரை முழுசா மொழிபெயர்க்கணும், சுருக்கிக் குடுக்கக் கூடாது, மொழிபெயர்த்தவர் தனக்கு ரெண்டு மொழியும் தெரியும், இது சரின்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், நோட்டரி கட்டாயமில்ல.

இன்னொரு விஷயம். ஊர்ல பெரியவுக உக்காந்து பேசி முத்திரைத்தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு தீத்துக்குறது இன்னமும் நடக்குது. பேசுறது நல்லதுதான், சீரைத் திருப்பி வாங்க, பிள்ளைகளைப் பத்தி முடிவெடுக்க அதுல நல்ல காரியமும் நடக்கும். ஆனா அந்தப் பேப்பர் விவாகரத்து ஆகாது. ஐ-751க்கு கோர்ட் தீர்ப்புதான் வேணும்.

ஐ-864, யாரும் சொல்லாத பேப்பர்

இதுதான் நான் எழுத உக்காந்த முக்கியக் காரணம். கல்யாணம் மூலமா கிரீன் கார்டு வாங்குறப்ப அந்தப் புருஷன் ஐ-864ன்னு ஒரு உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருப்பாரு. 1996ல வந்த சட்டப்படி அது அவருக்கும் அமெரிக்க அரசாங்கத்துக்கும் நடுவுல ஒப்பந்தம், அதை வச்சு அந்த மனைவியே நேரா கோர்ட்டுக்குப் போகலாம். அதுல இருக்குறது என்னன்னா, அமெரிக்க அரசு வருஷா வருஷம் அறிவிக்கிற வறுமைக்கோட்டு வருமானத்துல 125 சதவீதம் வரைக்கும் அவளுக்குக் கிடைக்கிற மாதிரி நான் பாத்துக்குறேன்னு பொறுப்பு ஏத்துக்குறாரு. 2025 கணக்குப்படி ஒரு ஆளுக்கு வறுமைக்கோடு 15,650 டாலர், அதோட 125 சதவீதம்னா வருஷத்துக்கு சுமார் 19,562 டாலர். அவளுக்கு வேலையே இல்லன்னா அந்த முழுத் தொகை, ஒரு கடையில வேலை பாத்து வருஷத்துக்கு 10,800 சம்பாதிக்கிறான்னா பாக்கி 8,762.

விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு முடியாது. இதைத் தடிச்ச எழுத்துல எழுதி ஒட்டி வைக்கலாம். அது முடியற வழி கொஞ்சம்தான் இருக்கு: அவ சிட்டிசன் ஆயிடுறது, சோஷியல் செக்யூரிட்டி கணக்குல 40 குவார்ட்டர் வேலை சேருறது, அதாவது கிட்டத்தட்ட 10 வருஷ வேலை, வேற ஸ்பான்சர் மூலமா புதுசா கிரீன் கார்டு வாங்குறது, ரெண்டு பேர்ல ஒருத்தர் இறந்து போறது, அப்புறம் அவ கார்டை விட்டுட்டு நாட்டை விட்டே போயிடுறது. கடைசியா சொன்னதை இன்னொரு தடவை படிங்க. ஊருக்கு வந்து தங்கிட்டா விசாவும் போச்சு, அந்தப் பணத்தைக் கேக்குற உரிமையும் போச்சு. இதனாலதான் டிக்கெட்டைக் கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொல்றேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி "எனக்கு எதுவும் வேண்டாம்"னு ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தா? 2016ல ஒன்பதாவது சர்க்யூட்ங்குற அமெரிக்க மத்திய அப்பீல் கோர்ட் அது ஐ-864 பொறுப்பைத் தள்ளாதுன்னு சொல்லியிருக்கு. "அவ வேலை தேடவே இல்ல, அதனால குடுக்க மாட்டேன்"னு புருஷன் சொன்னா? 2012ல ஏழாவது சர்க்யூட் அந்த வாதத்தை ஏத்துக்கல. ஆனா மாநிலத்துக்கு மாநிலம் குடும்ப கோர்ட் இதைப் பாக்குற விதம் வேற, சில இடத்துல ஜீவனாம்சத்தோட சேத்துப் பாப்பாங்க, சில இடத்துல தனியா கேஸ் போடுன்னு சொல்லுவாங்க, அதனால விவாகரத்து வக்கீல்கிட்ட "ஐ-864 பத்தி நீங்க கேஸ் நடத்தியிருக்கீங்களா"ன்னு நேரா கேளுங்க. இமிக்ரேஷன் வக்கீல் வேற, விவாகரத்து வக்கீல் வேற, ரெண்டு பேரையும் பாத்து ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தருக்குத் தெரியப்படுத்தணும்.

புருஷனோட சம்பளம் பத்தாம அவரோட சித்தப்பா மகனோ நண்பரோ கூட்டு ஸ்பான்சரா கையெழுத்துப் போட்டிருந்தா அவருக்கும் இதே பொறுப்புதான். அங்க இருக்குற நம்ம ஆளுக இதைத் தெரிஞ்சுக்கிட்டு கையெழுத்துப் போடணும். காப்பி கையில இல்லன்னா யு.எஸ்.சி.ஐ.எஸ்.ங்குற அமெரிக்கக் குடியேற்றத் துறைகிட்ட தகவல் உரிமை மாதிரி எஃப்.ஓ.ஐ.ஏ. மனு போட்டு அவளோட பைலைக் கேக்கலாம். எச்-1பி வேலை மூலமா குடும்பமா கிரீன் கார்டு வாங்குனவங்களுக்கு பொதுவா ஐ-864 இருக்காது, அவங்க இதை எதிர்பாத்து ஏமாறக் கூடாது.

தவிர்க்கவே முடியாம ஊருக்கு வரணும், ஐயாவுக்கு உடம்பு சரியில்ல, மனசு ஆறணும், அப்படின்னா வரலாம், தப்பில்ல. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா கார்டு போற அபாயம் இருக்கு, ஆறு மாசம் தாண்டுனாலே சிட்டிசன்ஷிப் கணக்கு உடையும்னு வைங்க. நாள் ஆகும்னு தெரிஞ்சா கிளம்புறதுக்கு முன்னாடி அமெரிக்காவுல இருக்கும்போதே ஐ-131 போட்டு ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்ப உள்ள போறதுக்கான அனுமதி) கேட்டுட்டு வாங்க, இங்க வந்தப்புறம் அதைப் போட முடியாது.

ஜீவனாம்சம்

இது மாநிலச் சட்டம், எந்த மாநிலத்துல கேஸ் போடுறாங்களோ அதைப் பொறுத்து. கலிஃபோர்னியால 10 வருஷத்துக்குக் கீழ இருக்குற கல்யாணத்துக்கு பொதுவா அதுல பாதிக் காலம் வரைக்கும் சப்போர்ட் கிடைக்கும். டெக்சாஸ்ல அடிதடி மாதிரி காரணம் இல்லன்னா பெரும்பாலும் 10 வருஷம் ஆயிருந்தாத்தான் கிடைக்கும். ரெண்டு இடத்துலயும் கேஸ் போட மாநிலத்துல 6 மாசம் இருந்திருக்கணும். அவரு திடீர்னு "வேலைக்காக மாறணும், டெக்சாஸ் போலாம்"னு சொன்னா அதையும் வக்கீல்கிட்ட சொல்லுங்க. 2018 டிசம்பர் 31க்கு அப்புறம் ஆன விவாகரத்துல வாங்குற ஜீவனாம்சத்துக்கு அமெரிக்க மத்திய வரி கிடையாது, குடுக்குறவருக்குக் கழிவும் கிடையாது, பேரம் பேசுறப்ப இதை மறந்துடாதீங்க.

அவரோட ஊர்ச் சொத்தையும் எழுதிக் குடுங்க. பெரிய வீட்டுல பங்கு, காரைக்குடில கடை வாடகை, இங்க பேங்க்ல டெபாசிட், இதெல்லாம் அங்க இருக்குற வக்கீலுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. பூர்வீகச் சொத்துன்னா பொதுவா பங்கு போட மாட்டாங்க, ஆனா அதுல வர்ற வருமானம் ஜீவனாம்சக் கணக்குல வரலாம்.

அடி, மிரட்டல் இருந்தா

"ஒரு மெயில் போட்டா உன்னை நாடு கடத்திருவாங்க"ன்னு மிரட்டுறது சகஜமா நடக்குது, அதை நம்பி எத்தனையோ பிள்ளைங்க வாய மூடிக்கிட்டு இருக்குதுக. யாரை அனுப்புறதுன்னு புருஷன் முடிவு பண்ண முடியாது. அவரு சிட்டிசனோ கிரீன் கார்டுகாரரோன்னா, வாவாங்குற, கொடுமைக்கு ஆளானவங்களுக்கான சட்டப்படி அவருக்குத் தெரியாமலே ஐ-360 போட்டு அவளே கார்டு கேக்கலாம், கொடுமை காரணமா விவாகரத்து ஆயிருந்தா அதுக்கப்புறம் 2 வருஷம் வரைக்கும் போடலாம், அவ போட்டதை அதிகாரிங்க அவருக்குச் சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. 2 வருஷ கார்டுல இருக்குறவங்க கொடுமையைக் காரணமா காட்டுனா விவாகரத்து முடியற வரைக்கும் காத்திருக்காமலே ஐ-751 வெய்வர் போடலாம். எச்-4ல இருந்தா வாவா கிடையாது, ஆனா ஐ-765வி போட்டு வேலை அனுமதி கேக்கலாம், போலீஸ்ல புகார் குடுத்து அவங்க சான்று குடுத்தா குற்றத்துக்கு ஆளானவங்களுக்குக் குடுக்குற யு விசாவுக்குப் போகலாம், அதுக்கு வருஷத்துக்கு 10,000 பேருக்குத்தான் இடம், வரிசை நீளம்.

நியூ ஜெர்சில மானவி, நியூயார்க்ல சகி, சான் பிரான்சிஸ்கோ பக்கம் மைத்ரி, ஹூஸ்டன்ல தயா, இதெல்லாம் தெற்காசியப் பெண்களுக்காகவே இருக்குற அமைப்புங்க. ராத்திரி பகல்னு எப்ப வேணும்னாலும் 1-800-799-7233 தேசிய ஹாட்லைன். கைவிடப்பட்ட இந்தியப் பெண்களுக்கு இந்தியத் தூதரகத்துல சமுதாய நல நிதின்னு ஒண்ணு இருக்கு, வக்கீல் செலவுக்கும் கேக்கலாம், வெளியுறவு அமைச்சகத்தோட மதத் (MADAD) போர்ட்டல்ல புகார் பதியலாம்.

இங்க வந்துட்டா

அமெரிக்காவுல இருந்து வீட்டுக்கு தபால்ல விவாகரத்து நோட்டீஸ் வந்தா கிழிச்சுப் போடாதீங்க, அதே சமயம் பயந்து கையெழுத்துப் போட்டு அனுப்பவும் வேண்டாம். அன்னிக்கே வக்கீலைப் பாருங்க, கலிஃபோர்னியான்னா பதில் குடுக்க 30 நாள்தான். வெளிநாட்டுக் கோர்ட் நோட்டீஸைத் தபால் வழியா குடுக்குறதை, ஹேக் ஒப்பந்தம்ங்குற சர்வதேச ஒப்பந்தத்துல இந்தியா ஏத்துக்கல, அது ஒரு வாதம். 1991ல நரசிம்ம ராவ் - வெங்கட லட்சுமி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, இந்து முறையில நடந்த கல்யாணத்தை நம்ம சட்டத்துல இல்லாத காரணத்துக்காக, மனைவி மனப்பூர்வமா ஒத்துக்காம, வெளிநாட்டுக் கோர்ட் முறிச்சா அது இங்க செல்லாது. ஆனா அங்க அது செல்லும், எச்-4 போயிரும், அதனால இங்க செல்லாதுன்னு சும்மா இருந்துடாதீங்க.

இந்து திருமணச் சட்டம் 19ஆவது பிரிவுப்படி மனைவி தான் இருக்குற ஊர்க் கோர்ட்லயே கேஸ் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125ஆவது பிரிவா இருந்த ஜீவனாம்சம், 2024 ஜூலை 1ல இருந்து பி.என்.எஸ்.எஸ்.ங்குற புதுச் சட்டத்துல 144ஆவது பிரிவு. 2020ல ரஜ்னேஷ் - நேஹா வழக்குக்கு அப்புறம் ரெண்டு பேரும் சொத்து வருமானம் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல எழுதணும், மனு போட்ட தேதியில இருந்தே ஜீவனாம்சம் கணக்கு. சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டுலயும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல், போன் 15100. சீரா குடுத்த வைரம், வெள்ளி, பாத்திரம் அவளோட சொத்து, 1985லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அந்த சாமான் லிஸ்ட்டைத் தேடி எடுத்து வைங்க.

அமெரிக்கக் கோர்ட் குடுத்த பண உத்தரவை இங்க நேரடியா நிறைவேத்த முடியாது, அதை வச்சு 3 வருஷத்துக்குள்ள இங்க புதுசா கேஸ் போடணும். சிங்கப்பூர், இங்கிலாந்து, யு.ஏ.இ. தீர்ப்புகளுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவுல நேர் வழி இருக்கு. சிங்கப்பூர்ல துணைக்குக் குடுக்குற டிபென்டென்ட் பாஸும் எச்-4 மாதிரி புருஷனோட பாஸ் மேலதான் நிக்குது, அதனால அங்க இருக்குற பிள்ளைகளும் முதல்ல பாஸைப் பாத்துட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கணும்.

நம்ம ஊருக்கு மருமகளா வந்த வெளிநாட்டுப் பொண்ணுங்களும் இருக்காங்க, அவங்களை யாரும் நெனச்சுப் பாக்குறதில்ல. இந்தியரைக் கல்யாணம் பண்ணி வாங்குன ஓ.சி.ஐ. கார்டு (இங்க நீண்ட காலம் தங்குறதுக்கான அட்டை) விவாகரத்து ஆனா ரத்தாக வேண்டியது. ஆனா ஜீவனாம்சம் கேக்க அவங்களுக்கு இந்தியக் குடியுரிமை தேவையில்ல, சிறப்புத் திருமணச் சட்டத்துல பதிவான கல்யாணம்னா 36, 37ஆவது பிரிவு, இந்து முறைன்னா இந்து திருமணச் சட்டம் 24, 25. அவங்களும் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே எஃப்.ஆர்.ஆர்.ஓ.ங்குற வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ்கிட்ட வேற விசாவுக்கு வழி கேட்டு வச்சுக்கணும், கூட போயி நிக்க இந்த ஊர்ல ஒரு ஆச்சியாவது அவங்களுக்கு வேணும்.